மாமாவின் நனையாத கை

போன ஞாயிற்றுக்கிழமை பெங்களூரு அடுகோடியிலிருந்து சந்தாபுராவுக்கு அந்தப் பக்கம் ஒரு ஞானஸ்நானத்துக்குப் போய் வந்தோம். எடுத்தவர் என் மாமனார், வயது அறுபத்தெட்டு. நான் கத்தோலிக்கன். பிறந்த நாற்பதாம் நாள் பாதர் என் தலையில் தண்ணீர் ஊற்றியதோடு என் வேலை முடிந்துவிட்டது. மாமாவின் சபையில் அந்தக் கதை நடக்காது. விசுவாசித்தவர், விவரம் தெரிந்த வயதில், தானே தண்ணீரில் இறங்க வேண்டும். அதுவரை ஆராதனையில் பகிரும் அப்பமும் திராட்சை ரசமும் கிடையாது.

மாமா கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளியாக இருந்தவர். ஒருமுறை சுரங்கத்துக்குள் தண்ணீர் புகுந்து, செத்துப் பிழைத்தார். அதற்கப்புறம் தலையைத் தண்ணீருக்குள் விட்டதே இல்லை. குளிப்பதுகூட சொம்பில்தான், முகத்தை மேலே தூக்கிக்கொண்டு. இருபத்திரண்டு வருடமாகச் சபைக்கு முதல் ஆளாகப் போய்ப் பாய் விரிப்பார்; அப்பத் தட்டு வந்தால் மட்டும் பக்கத்து ஆளிடம் தள்ளிவிடுவார்.

போன மாதம் வயிற்றில் ஆபரேஷன் என்று டாக்டர் சொன்னதும் ஆடிப்போய்விட்டார். “ஞானஸ்நானம் எடுக்காம போயிட்டா, மேல என்னை உள்ள விடுவாங்களா மாப்ள?” என்று என்னிடம் கேட்டார். எனக்கு என்ன தெரியும்? பாஸ்டரைக் கேளுங்கள் என்றேன்.

பாஸ்டர் ஒளிக்காமல் சொன்னாராம். “அண்ணா, தண்ணி ரட்சிக்கிறதில்ல, இயேசு ரட்சிக்கிறாரு. சிலுவைல பக்கத்துல தொங்குன கள்ளன் எந்தத் தொட்டில எறங்குனான்? நேரா பரலோகம் போயிட்டான்ல.” மாமா யோசித்துவிட்டு, “அவனுக்கு எறங்கி வர வழியில்ல பாஸ்டர். எனக்குக் கால் இருக்குதே” என்றிருக்கிறார்.

காலை 6.10க்கு கேப். மேம்பாலம் ஏறியதால் எலெக்ட்ரானிக் சிட்டி வரை அலுங்காமல் போனோம். மொத்தம் 27 கிலோமீட்டர், டோலோடு 840 ரூபாய். சந்தாபுராவில் இட்லி, டீ, 150 ரூபாய். மாமா டீயோடு நிறுத்திக்கொண்டார். கிருஷ்ணகிரிக்கார டிரைவருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “பெரியவருக்கு இந்த வயசுல என்னாத்துக்கு சார் இதெல்லாம்? மனசுல இருந்தா பத்தாதா?”

மாமாவே பதில் சொன்னார். “மனசுல இருந்தாதாம்பா கல்யாணமே பண்றோம். அதுக்காகத் தாலி கட்டாம வுட்டுர்றமா?”

டிரைவர் சிரித்துக்கொண்டே கியரை மாற்றினார்.

ஆனேக்கல் ரோட்டில் ஒரு தோப்புக்குள் சிமெண்ட் தொட்டி, நாலடி ஆழம், ஏழு படி. நாலு பேரில் மாமா கடைசி. முதல் படியிலேயே நின்றுவிட்டார். என் மனைவி ஸ்டெல்லா என் கையைக் கசக்கிவிட்டாள். போதும், திரும்பி வந்துவிடுங்கள் மாமா என்றுதான் நான் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன். அவர் வரவில்லை. மார்பளவு தண்ணீரில் நின்று, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி “விசுவாசிக்கிறேன்” என்றார். பாஸ்டர் முதுகைத் தாங்கிச் சாய்த்தார். தலை உள்ளே போய் வெளியே வந்தது. இவ்வளவு தைரியத்தை நான் நேரில் பார்த்ததில்லை.

எல்லோரும் பாட ஆரம்பித்தபோது, கரையில் நின்ற சபை மூப்பர், “பாஸ்டர், வலது கை உள்ள போகல. மேலயே நின்னுச்சு” என்றார்.

இங்கே இது சின்ன விஷயம் இல்லை. முழுக்கு என்றால் விரல் நுனிவரை. ஏதாவது வெளியே நின்றால் மறுபடியும் முழுக்குவார்கள். பாட்டு நின்றது. மாமாவின் வலது சட்டைக்கை காய்ந்துதான் இருந்தது. இன்னொரு தரம் அவரால் முடியாது என்று ஸ்டெல்லா அழுதே விட்டாள். எனக்கு அந்த மூப்பர்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை.

மாமா மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார். “அன்னிக்கு சுரங்கத்துல நான் முழுசா உள்ள போயிட்டேன் பிரதர். இந்தக் கை ஒண்ணுதான் வெளிய இருந்துச்சு. அதப் புடிச்சுதான் என்னத் தூக்குனாங்க. அது தானா நின்னுக்கிச்சு. மறுபடி முழுக்கணும்னா முழுக்குங்க, நான் நிக்கிறேன்.”

மூப்பர் செருப்பைக் கழற்றினார். பேண்ட்டோடு நாலு படி இறங்கினார். அந்தக் காய்ந்த கையைப் பிடித்து மாமாவை மேலே ஏற்றினார். பாஸ்டர், “அடுத்து ஆராதனை” என்றார்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. ஆளுக்கு இரண்டு துண்டு கொண்டுபோங்கள். உடை மாற்ற ஒரே ஓர் அறைதான். ஆராதனை முடியப் பன்னிரண்டு ஆகும், பிறகு பிரியாணி. ஞானஸ்நானம் இல்லாமல் ரட்சிப்பு உண்டா என்று என்னைக் கேட்காதீர்கள், இப்போதும் தெரியாது. உண்டு என்று பாஸ்டரே சொன்ன பிறகும் ஒருவர் அந்த ஏழு படியையும் இறங்கினார், அது தெரியும்.

என்னைப் போன்ற கத்தோலிக்கர்களுக்கு இன்னொன்று: அங்கே அப்பம் நமக்கு இல்லை. தட்டு வந்தால் பக்கத்து ஆளிடம் தள்ளிவிடுங்கள். நானும் அப்படித்தான் தள்ளினேன். பக்கத்தில் மாமா உட்கார்ந்திருந்தார். பழக்கத்தில் அவரும் தள்ளப் போய், நிறுத்தி, தட்டை மடியில் வைத்துக்கொண்டு வலது கையால் ஒரு துண்டு எடுத்தார்.