அமீர் நிஷாவின் அரபிப் புத்தகங்கள்

அமீர் நிஷா அக்காவின் அரபிப் புத்தகங்களையெல்லாம் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுத்தவள் நான்தான், ஜெனிபர். விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் எனக்கு ஜெராக்ஸ் கடை. அக்கா மங்கலம்பேட்டை மதரஸாவில் பெண்பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுப்பவர். வளைகுடா போகிறவர்களுக்குத் தமிழ் எழுத்திலேயே பேச்சு அரபி சொல்லித்தரும் புத்தகம் போட வேண்டும் என்று 2002இல் என் கடைக்கு வந்தார்.

முதல் புத்தகம் சொதப்பல். மதரஸாவில் படித்த அரபியை அப்படியே வைத்துவிட்டார். லீவில் வந்த டிரைவர் ஒருவர், "இத மாதிரி பேசுனா அரபிங்க சிரிக்கிறாங்கக்கா. வெள்ளிக்கிழமை பள்ளிவாசல்ல பயான் பிரசங்கம் பண்றியான்னு கேக்குறாங்க" என்றார். அக்கா அசரவில்லை. யார் லீவில் வந்தாலும் அவர் வீட்டுக்கே போய், அங்கே என்ன காதில் விழுகிறது, என்ன பதில் சொல்கிறார் என்று கேட்டு டேப்பில் பிடித்துவந்தார். டிரைவருக்கு, கட்டட வேலைக்கு, வீட்டு வேலைக்கு என்று புத்தகம் மூன்றானது. ஆள் அனுப்பும் ஏஜென்ட் நாசர் கட்டுக்கட்டாக வாங்கி, விசாவோடு ஆளுக்கொன்று கொடுத்தார்.

அப்புறம் தங்கதுரை செத்துப்போனார். இங்கே பீங்கான் சூளையில் இருந்தவர், ரியாத்துக்குக் கட்டட வேலைக்குப் போயிருந்தார். காலையிலேயே நெஞ்சுவலி. மேஸ்திரி கூப்பிட்டதும், "சரி, வரேன்" என்று அரபியில் சொல்லிவிட்டுச் சாரம் ஏறியிருக்கிறார். அங்கேயே உயிர் போய்விட்டது. கூட இருந்தவர் போனில் சொன்னது இது. காரியமெல்லாம் முடிந்தபின் அவர் மனைவி கனகா, அவர் படித்த கட்டட வேலைப் புத்தகத்தோடு கடைக்கு வந்தாள். அக்காவும் இருந்தார்.

"வலிக்குது, முடியலன்னு இதுல எங்கக்கா இருக்குது?"

இல்லை. மூன்றிலும் இல்லை. எப்படி இருக்கும்? லீவில் வருகிறவன் சென்ட்டும் கம்பளியுமாக வந்து இறங்குகிறான். பெண்டாட்டி பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்திருக்க, காய்ச்சலில் சுருண்டு கிடந்ததையா டேப்பில் சொல்வான்? அக்கா முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எனக்கு ஊர் ஆம்பளைகள் எல்லார் மேலும் ஆத்திரமாக வந்தது.

வலிக்கிறது, என்னால் முடியவில்லை, டாக்டரிடம் போகணும். இனி எல்லாப் புத்தகத்துக்கும் இதுதான் முதல் பாடம் என்றார் அக்கா. நாசருக்குப் பிடிக்கவில்லை.

"போறதுக்கு முன்னாடியே முடியாதுன்னு சொல்லக் கத்துக்குடுத்தா எந்தக் கம்பெனிக்காரன் எங்கிட்ட ஆள் கேப்பான்? கடைசியில போடுங்க. இல்லாட்டி எனக்கு வேணாம்."

"கடைசி வரைக்கும் யாருங்க படிக்கிறாங்க? மொதல்லதான் வரும்."

நாசர் வாங்குவதை நிறுத்திவிட்டார். புத்தகமெல்லாம் என் கடையில் கிடந்து தூசி தின்றது. கனகாதான் எடுத்துப்போனாள். எந்த வீட்டில் பெட்டி கட்டுகிறார்களோ அங்கே போய், "மொத பாடத்த உன் வூட்டுக்காரர் ஒப்பிக்காம பெட்டியத் தூக்க வுடாத" என்று பெண்களிடம் சொல்லிக் கொடுத்தாள். வேப்பூர், எங்கள் பக்கத்து மங்களூர் வரைக்கும் அது வழக்கமாகிப்போனது. நர்ஸுக்கு, சமையலுக்கு, கடை வேலைக்கு என்று புத்தகங்களும் கூடின.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும். 2008இல் நாசரின் மகன் அஷ்ஃபாக்குக்குத் தம்மாமில் டிரைவர் வேலை கிடைத்தது. மகனோடு கடைக்கு வந்த நாசர், அக்காவின் முகத்தைப் பார்க்காமல் ஒரு புத்தகம் கேட்டார். அக்கா எடுத்து அஷ்ஃபாக்கிடம் கொடுத்தார்.

பையன் பிரித்து, முதல் பாடத்தை வாய்க்குள்ளேயே முனகினான். "மா அக்தர். என்னால முடியல."

நாசர் ரோட்டைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

"சத்தமா சொல்லுடா. அங்க கம்பெனிக்காரனுக்குக் கேக்கணும்ல."