அத்தை பேர் வைத்த கலர்

எனக்கு வயது எண்பத்திரண்டு. பெற்றது ஆறு; ஓரகத்தி விட்டுவிட்டுப் போன இரண்டையும் சேர்த்து வளர்த்தது எட்டு. எட்டுப் பேரில் யாருக்கு எந்தக் கலர் சோடா பிடிக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். நான் சோடாக் கம்பெனிக்காரர் மகள். படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன், மெதுவாகத்தான் வரும். அவசரக்காரர்கள் எழுந்து போகலாம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் கோர்ட்டுக்குப் போகிற வழியில் எங்கள் ஐயாவின் கடை. முன்னால் கடை, பின்னால் கம்பெனி, அதற்கும் பின்னால் எங்கள் வீடு. கம்பெனி என்றால் கையால் சுற்றுகிற ஒரு மெஷின், பாட்டில்களைப் புதைத்துக் குளிர வைக்க ஈர மணல், அவ்வளவுதான். பாட்டில் வெடித்தால் முகத்தில் அடிக்கும் என்று ஐயா மெஷினுக்கு முன்னால் சாக்கைத் தொங்கவிட்டுச் சுற்றுவார்.

நான்கு கலர் போட்டோம். ஜிஞ்சர், லெமனேட், ராஸ்பரி, ஷாம்பேன். கடைசிப் பெயரைப் பார்த்து யாரும் முகம் சுளிக்க வேண்டாம். அதில் சாராயம் ஒரு சொட்டும் கிடையாது. வெள்ளைக்காரர்கள் குடிக்கிற ஏதோ ஒயினின் பெயராம். மதுரையிலிருந்து வந்த எசன்ஸ் பாட்டிலுக்கு அந்தப் பெயர், எங்கள் கலருக்கும் அதே பெயர்.

அந்தப் பெயர் பட்ட பாடு கொஞ்சமல்ல. வக்கீல் குமாஸ்தாக்கள் உதட்டைக் குவித்து "ஷாம்பெய்ன்" என்பார்கள். செண்பகத்தோப்பிலிருந்து வருகிற ஃபாரஸ்ட் கார்டுகளுக்கு அது "சம்பேன்". ராஜபாளையத்துத் தெலுங்குக்காரர்கள் "சாம்பேனு" என்று முடிப்பார்கள். சோழபுரத்திலிருந்து வருகிற விவசாயச் சம்சாரிகள் வம்பு எதற்கு என்று விரலை நீட்டி "அந்தத் தேன் கலரு" என்று விடுவார்கள். கேட்டவர் எப்படிச் சொன்னாரோ அதே பெயரைத் திருப்பிச் சொல்லித்தான் பாட்டிலை நீட்ட வேண்டும். அது ஐயாவின் சட்டம். ஒரு தடவை நான் ஒருவரைத் திருத்தப் போனேன்.

"ஏட்டி," என்றார் ஐயா, "குடிக்கிறவன் நாக்குல என்ன வருதோ அதான் பேரு. நீயும் நானும் என்ன சீமையிலயா பெறந்தோம்?"

பெயர் எப்படியோ போகட்டும், ருசிக்கு வருகிறேன். ராஸ்பரி நாக்கைச் சிவப்பாக்கும், அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை; பிள்ளைகளுக்கு அது போதும். ஜிஞ்சர் தொண்டையைச் சுரண்டிக்கொண்டு இறங்கும். கறிச்சோறு தின்றவர்களுக்கு அதைப் போல வராது. உச்சி வெயிலுக்கு லெமனேட், அதுதான் என் கட்சி. ஷாம்பேன் மட்டும் தனி. நுரை பொடிப்பொடியாக வரும். குடிக்கும்போது சும்மா இருந்துவிட்டு, பாட்டிலைக் கீழே வைத்த பிறகுதான் வாசம் மூக்குக்கு வரும். எந்தப் பழத்து வாசம் என்று யாரும் சொன்னதில்லை.

உலகச் சண்டைக் காலம் வந்தது. கப்பல் வராததால் மதுரைக்கே ஷாம்பேன் எசன்ஸ் வருவது நின்றுபோனது. ஒரு விரற்கடை மிச்சமிருந்ததை ஐயா எடுத்து ஒளித்து வைத்தார், என்னைப் பெண் பார்க்க வருகிற நாளுக்காக.

அதற்கு முன்னால் இரண்டு இடம் வந்து தட்டிப்போயிருந்தது. கடையில் நின்று ஆண்களுக்குப் பாட்டில் எடுத்துக் கொடுக்கிற பெண் என்று சொல்லிப் போனார்கள். மூன்றாவதாக வந்தவர்கள் ராஜபாளையத்துக்காரர்கள், எங்கள் சனம்தான். இதுவும் நிற்காவிட்டால் சோழபுரத்தில் பெண்டாட்டியை இழந்த ஒரு பெரிய சம்சாரிக்கு இரண்டாந்தாரமாகக் கொடுப்பது என்று பேச்சு. அவருடைய மூத்த மகளுக்கு என் வயது.

ராஜபாளையத்து மாப்பிள்ளையை எனக்கு முன்னமே தெரியும். பஞ்சாலை வேலை, தலைமுடியில் எப்போதும் இரண்டு மூன்று பஞ்சு ஒட்டியிருக்கும். கோர்ட்டுப் பக்கம் வரும்போதெல்லாம் ஒரு ஜிஞ்சர் குடிப்பார். குடித்த பாட்டிலை எல்லாரும் எங்கேயாவது வைத்துவிட்டுப் போவார்கள். அவர் மட்டும் தண்ணீர் விட்டு அலசிப் பெட்டியில் கவிழ்த்துவிட்டுப் போவார். எனக்கு அது போதுமாயிருந்தது.

வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அப்பா, அம்மா, ஒரு சித்தி. நான் தலையைக் குனிந்துகொண்டு தட்டில் நான்கு ஷாம்பேன் கொண்டுபோனேன். பாட்டில் வாயை அடைத்திருக்கிற குண்டின் மேல் ஐயா கட்டையை வைத்து அமுக்கினார். கோலிக்குண்டு டொப்பென்று உள்ளே போக, நுரை பொங்கியது.

மாப்பிள்ளையின் அம்மா எதையும் வாய் வைத்துக் குடிக்க மாட்டார். செம்பானாலும் தம்ளரானாலும் அண்ணாந்துதான். கடையில் நின்று கலர் குடிக்கிற வழக்கமும் அந்தக் காலத்தில் பெண்களுக்கு இல்லை. பாட்டிலைத் தூக்கி அண்ணாந்தார். குண்டு உருண்டு வந்து வாயை அடைத்துக்கொண்டது. குலுக்கினார். ஒரு சொட்டு மூக்கில் விழுந்தது. மறுபடி அண்ணாந்தார், மறுபடி குண்டு. பாட்டிலை ணங்கென்று கீழே வைத்தார்.

"குடுக்கவும் மனசு இல்ல, குடுக்காம இருக்கவும் முடியல. ஒரு குண்டைப் போட்டு அடைச்சுக் குடுத்துருக்காவ. எங்களைப் பாத்தா கேலியா இருக்கோ?"

சித்தி சேலையைச் சரிசெய்துகொண்டே, "கெளம்புவோம் அக்கா, பஸ்ஸு போயிரும்" என்றார்.

 சம்பந்தியாகப் போகிற அம்மாளுக்குப் பாட்டிலைப் பிடிக்க ஐயா சொல்லிக்கொடுக்க முடியுமா? மாப்பிள்ளைக்கு விவரம் தெரியும். அவர் எழுந்தே விட்டார். ஆனால் அம்மா பார்த்த பார்வையில் மறுபடி உட்கார்ந்துவிட்டார். எனக்கு அந்த நேரத்தில் சோழபுரம்தான் கண்ணில் நின்றது.

தட்டைக் கீழே வைத்தேன். நேராகப் போய் அவர் முன்னால் உட்கார்ந்தேன்.

"அத்தை, கழுத்துல ரெண்டு குழி இருக்கு பாருங்க. அது கீழ்ப்பக்கமா இருக்கணும். குண்டு அதுல போயி உக்காந்துக்கிடும்" என்று பாட்டிலை எடுத்து அவர் கையில் திருப்பி வைத்தேன். "இப்ப அண்ணாந்து ஊத்துங்க. செத்த மெதுவா, மூக்குல ஏறிரும்."

"பொண்ணு பேசுதாளே!" என்றார் சித்தி. "தலை குனிஞ்சு நிக்க வேண்டிய பிள்ளை."

அத்தை அண்ணாந்தார். தொண்டைக்குள் கலர் கடகடவென்று இறங்கியது, பாதி பாட்டில் வரைக்கும். நிறுத்திக் கண்ணை மூடினார். பிறகு ஒரு ஏப்பம் வந்தது பாருங்கள், மெஷின் பக்கத்தில் சாக்கில் படுத்திருந்த எங்கள் பூனை எழுந்து ஓடியது.

மாப்பிள்ளையின் அப்பாதான் முதலில் சிரித்தார். "நாலு நாளா வாய்வு வாய்வுன்னு என் உசுர எடுத்தா. போயிருச்சு!"

அத்தைக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சித்தி பக்கம் திரும்பி, "அவ பேசலைன்னா நான் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு ஊரு போய்ச் சேந்துருப்பேன். பேசுத பிள்ளைதான் எனக்கு வேணும். என் மகன் வாயத் தொறக்க மாட்டான், வீட்ல ஒருத்தராவது பேசணும்ல?" என்றார். பிறகு என்னிடம், "ஏட்டி, இதுக்கு என்ன பேரு?"

ஐயா என்னைப் பார்த்தார்.

"நீங்க என்ன பேரு சொல்லுதீயளோ, அதான் அத்தை பேரு."

அவர் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "ஒங்க ஐயா, நாங்க உள்ள வரும்போதே என்னமோ சொன்னாவளே, சாம்... சாம்பாயி. நல்ல பொம்பளப் பேராத்தான் இருக்கு."

"சாம்பாயி, அத்தை" என்று நானும் சொன்னேன்.

அடுத்த தையில் கல்யாணமாகி ராஜபாளையம் போனேன். என் வீட்டுக்காரர் கடைசிவரைக்கும் ஜிஞ்சர் கட்சி, நான் லெமனேட், அத்தை சாம்பாயி. சண்டை முடிந்து எசன்ஸ் திரும்பி வந்ததும் ஐயா ஒரு பெட்டி கொண்டுவந்து இறக்கினார். அத்தை ஒரு பாட்டிலைக் குழி பார்த்துத் திருப்பி அண்ணாந்தார். மூக்குக்கு வாசம் வருகிற வரைக்கும் காத்திருந்துவிட்டு, "அவளேதான், வந்துட்டா" என்றார்.

எழுதி முடித்துவிட்டேன். பேத்தியைக் கூப்பிட்டிருக்கிறேன், இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படிக்கிறவள். வந்து உட்கார்ந்து, எழுதியதை மேலாக ஓட்டிப் பார்த்ததுமே சாம்பாயி கண்ணில் பட்டுச் சிரிக்கிறாள்.

"ஏட்டி, சிரிச்சது போதும். முதல்லயிருந்து சத்தமா வாசி. அந்தப் பேரு வாரப்ப மட்டும் நாக்கச் சுழட்டாத. எங்க அத்தை சொன்ன மாதிரியே சொல்லு."