உட்கார வைக்கிறவர்

“உக்காருங்க,” என்கிறார். ஓடி முடித்தவள் இன்னும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஓட்டம் மூன்றரை விநாடி. உட்கார்வது மூன்று நிமிடம். கால்பந்து அணிக்கு வேக ஓட்டம் பழக்குகிற அவருக்கு, அணியின் பெண்கள் உட்கார் மாஸ்டர் என்று பெயர் வைத்து இரண்டு வருடமாகிறது. “மாஸ்டர் வந்தாச்சு, பாயை விரிங்கடி,” என்பாள் கோல்கீப்பர். அவர் காதிலும் விழும். சிரிக்கமாட்டார், விசிலை வாயில் வைத்துக்கொள்வார்.

பகலில் அவருக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. ஐந்தரை மணிக்குக் கிரீஸ் போகாத நகங்களோடு மைதானத்துக்கு வந்ததும், ஒவ்வொருத்தியையும் சாமான் அறைச் சுவரருகே நிறுத்திக் குதிக்கவைப்பார். விரல் நுனியில் சாக்பீஸ் பொடி. எட்டித் தொட்ட இடத்தில் கோடு விழும். கோடு நேற்றையதைவிட இறங்கியிருந்தால் கால் அசந்திருக்கிறது என்று கணக்கு, அன்றைக்கு அவளுக்கு வேக ஓட்டம் கிடையாது, பந்து பொறுக்கலாம். “மோட்டார் சூடாயிருந்தா சத்தம்தான் வரும், வேகம் வராது.”

மற்றவர்கள் இடுப்பில் கயிறு கட்டிப் பழைய டயரைப் பத்து மீட்டர் இழுப்பார்கள். கயிற்றை அவிழ்த்ததும் இருபது மீட்டர். குப்புறப் படுத்திருந்து எழுந்து ஓட வேண்டும், முதுகு காட்டி நின்று திரும்பி ஓட வேண்டும். ஆட்டத்தில் யாரும் கோட்டில் குனிந்து விசிலுக்குக் காத்திருப்பதில்லை என்பது அவர் கட்சி. எல்லாம் சேர்த்தாலும் ஒருத்தி ஒரு நாளைக்கு ஓடுவது இருநூறு மீட்டரைத் தாண்டாது.

அணியின் பெரிய கோச்சுக்கு இதைக் கண்டாலே ஆகாது. “வேர்வையே வராம என்னய்யா பயிற்சி? இது மைதானமா, பஸ் ஸ்டாப்பா?” ஆறு வாரம் முன்பு ஒரு கெடு வைத்தார். தடுப்பாட்டக்காரியான கேப்டனுக்கு முப்பத்துமூன்று வயது, இரண்டு பிள்ளைகள். இருபது மீட்டருக்கு மூன்று புள்ளி ஆறு விநாடி எடுத்துக்கொண்டிருந்தாள். மூன்றரைக்குள் வந்தால் அணியில் இடம். இல்லையென்றால் அவளுக்கு வீடு, உட்கார் மாஸ்டருக்கு லிஃப்ட்.

நான்காவது வாரம் கேப்டனின் கோடு இறங்கியது. மறுநாள் இன்னும் கொஞ்சம். மூன்றாம் நாள் நாலு விரற்கடை.

“அக்கா, காலைல எங்க ஓடுறீங்க?” அவள் உட்கார் மாஸ்டரைவிட ஐந்து வயது மூத்தவள்.

“யாரு சொன்னா?”

“சுவரு சொல்லுது.”

“பத்து ரவுண்டுதான் தம்பி. பிள்ளைங்க எந்திரிக்கறதுக்குள்ள. இங்க உக்காந்து உக்காந்தே பயம் வந்துருச்சு.”

“சாயங்காலம் நான் சேத்து வைக்கிறதைக் காலைல கொண்டுபோய்க் கொட்டிட்டு வர்றீங்க. நாலு நாள் இந்தப் பக்கம் வராதீங்க. நல்லாத் தூங்குங்க.”

“கெடுவுக்கு ரெண்டே வாரம். நீ தூங்கச் சொல்றே.”

“ஆமா.”

சொல்லிவிட்டாரே தவிர, அந்த நாலு நாளும் லிஃப்ட் குழிக்குள் இறங்கியபின்தான் கைவிளக்கை மேலேயே வைத்துவிட்டது அவருக்கு நினைவு வந்தது. ஐந்தாம் நாள் கேப்டனின் கோடு பழைய இடத்துக்கு ஒரு விரற்கடை மேலே விழுந்தது. அவர் அதை இரண்டு தடவை தொட்டுப் பார்த்தார்.

நேற்று கெடு நாள். ஓடிக்காட்ட இரண்டு வாய்ப்பு, கடிகாரம் பெரிய கோச்சின் கையில். முதல் ஓட்டம் மூன்று புள்ளி ஐந்து இரண்டு. பெரிய கோச் நோட்டை மூடினார்.

“இன்னொரு ஓட்டம் இருக்கு சார்.”

“சரி, ஓடச் சொல்லு.”

“நாலு நிமிஷம் ஆகட்டும்.”

“எனக்கு வீடு வாசல் இருக்குய்யா.”

கேப்டன் புல்லில் உட்கார்ந்தாள். கேட்காமலே மொத்த அணியும் அவளைச் சுற்றி உட்கார்ந்தது.

பிறகு கேப்டன் எழுந்து ஓடினாள்.

பெரிய கோச் கடிகாரத்தைக் கண்ணருகே கொண்டுபோய், தள்ளிப் பிடித்து, மறுபடியும் பார்த்தார். “மூணு புள்ளி நாலு ஆறு,” என்றார், யாரையும் பார்க்காமல். முடிவுக் கோட்டுக்கு அப்பால் கேப்டன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். பக்கத்தில் உட்கார் மாஸ்டரும் மூச்சிரைக்கக் குனிந்து நின்றார், வெறுங்காலோடு. அவருடைய செருப்புகள் இரண்டும் இருபது மீட்டர் பின்னால், அவள் கிளம்பிய கோட்டருகே கிடந்தன.