கதவைப் பற்றிச் சட்டத்தில் ஒன்றுமில்லை

செஞ்சியின் சரித்திரத்தைச் சுருக்கிச் சொன்னால், ஒருவரை ஒருவர் வீட்டைக் காலி செய்யவைத்த கதைதான். கோட்டையை ஒருத்தன் கட்டினான், இன்னொருத்தன் பிடித்தான், அவனை வேறொருத்தன் விரட்டினான். ஒருமுறை உள்ளே இருந்தவர் போகமாட்டேன் என்று வருஷக்கணக்கில் உட்கார்ந்துகொண்டார். விரட்ட வந்த படை மலையடியில் கூடாரம் போட்டுக் கொசுக்கடி பட்டது. யாரும் யாருக்கும் நோட்டீஸ் கொடுத்ததாகத் தெரியவில்லை. பீரங்கிதான் நோட்டீஸ்.

அந்தப் பரம்பரையில் கடைசியாக வந்தவன் முருகையன். பீரங்கி வாங்க வசதியில்லை. கடப்பாரை வைத்திருந்தான்.

குடியிருப்பவன் முரண்டு பிடித்தால் வீட்டுக்காரர் முருகையனுக்குச் சொல்லி அனுப்புவார். அவன் வந்து கத்தமாட்டான், கெட்ட வார்த்தை பேசமாட்டான். குனிந்து நிலைப்படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வான். நிலையில் லட்சுமி இருக்கிறாள், கதவில் இல்லை என்பது அவன் சொந்தமாக எழுதிக்கொண்ட சாஸ்திரம். பிறகு கடப்பாரையைக் கதவுக்கு அடியில் கொடுத்து ஒரு நெம்பு. கீல் திருகாணிகள் மரத்தைப் பிய்த்துக்கொண்டு வெளியே வரும். குறுக்கே வந்தவனுக்குப் பல் போகும், விலா போகும். ஒரு பெரியவருக்குத் தோள்பட்டை இறங்கி, கடைசிவரை ஏறவேயில்லை. கழற்றிய கதவைத் தலையில் வைத்துக்கொண்டு கடைத்தெரு முழுக்க நடப்பான். கதவில்லாத வீட்டில் மானமுள்ள குடும்பம் இரண்டாவது இரவு தங்காது என்பது அவனுக்கு அனுபவத்தில் தெரிந்த உண்மை.

செல்போன் ரிப்பேர் செய்யும் விமல்ராஜின் வீட்டில்தான் கொஞ்சம் அதிகமாகிப் போனது. கதவைப் பறிகொடுக்கிற எல்லாரும் ஒரே தப்பைத்தான் செய்வார்கள்: ஓடிவந்து கீல் பக்கமாகப் பிடித்துக்கொள்வார்கள். தாழ்ப்பாள் பக்கம் பிடித்தால் கை வலிக்கும். கீல் பக்கம் பிடித்தால் கை போகும். முருகையனுக்கு இது தெரியும். சொல்லவில்லை. கடப்பாரையை இறக்கினான். விமல்ராஜின் வலது கையில் ஆட்காட்டி விரலும் நடுவிரலும் அப்பளமாயின. அதற்கப்புறம் அவன் திருப்புளியை இடது கையில் பிடிக்கக் கற்றுக்கொண்டான்.

அந்த வீட்டின் சொந்தக்காரர் பெயின்ட் கடை இராமச்சந்திரன். ஊரில் அவருக்கு ஏழு வீடு. ஏழிலும் ஆள் உண்டு, எழுத்து கிடையாது. முருகையனுக்கு அவர் கொடுத்த சம்பளம், தன் வீட்டுப் பின்கட்டில் ஓர் அறையும் அதை ஒட்டி ஒரு சமையல் மூலையும். வாடகை இல்லை, ஒப்பந்தம் இல்லை. மல்லாட்டை மண்டியில் கடலை மூட்டை தைக்கும் ஜெயக்கொடியைக் கட்டி அங்கேதான் கூட்டிவந்தான். மகள் பிறந்ததும், வளர்ந்ததும், தளவானூருக்குக் கட்டிக்கொடுக்கப்பட்டுப் புறப்பட்டதும் அந்தக் கதவு வழியாகத்தான். ஊர்ப்பட்ட வீட்டைக் காலி செய்தவனுக்கு, தானும் ஒரு வீட்டில் ஒண்டியிருப்பவன் என்ற நினைப்பு ஒருநாளும் வந்ததில்லை.

வாடகைச் சட்டத்தை மாற்றி எழுதியிருக்கிறார்கள் என்ற சேதி செஞ்சிக்கு நிதானமாகத்தான் வந்தது. திண்டிவனத்திலிருந்து டவுன் பஸ் பிடித்து வந்திருக்கும் போல. இராமச்சந்திரனின் மகன் அருண்பிரசாத் கடைக் கல்லாவில் உட்கார்ந்து அதைச் செல்போனில் படித்துக் காட்டினான்.

"நைனா, இனிமே எழுத்துல ஒப்பந்தம் போடணுமாம். பதிவும் பண்ணணுமாம்."

"அப்பால?"

"தண்ணி நிறுத்தக்கூடாது. கரன்ட் கட் பண்ணக்கூடாது. சொல்லாம கொள்ளாம உள்ள போகக்கூடாது."

"என் வூட்டுக்குள்ள நான் போறதுக்கு எவன்கிட்ட சொல்லணும்? கதவு?"

அருண்பிரசாத் திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தான். "கதவைப் பத்தி ஒண்ணும் இல்ல நைனா."

சட்டத்தை அவன் சரியாகப் படித்தானா என்பது வேறு விஷயம். பெயின்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்திருந்த முருகையன் அன்றைக்குச் சிரித்த சிரிப்பில், அரசாங்கமே அவன் தொழிலுக்கு உரிமம் கொடுத்ததுபோல ஒரு திருப்தி இருந்தது.

அடுத்து கோட்டைக்கு உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற பெருமை வந்தது. மறுநாள் முதல், ஊரில் இரண்டு அறை வைத்திருந்த ஒவ்வொருவர் கனவிலும் வெள்ளைக்காரர்கள் பெட்டியோடு வந்து நின்றார்கள். இராமச்சந்திரன் கனவில் வந்தவர்கள் கழிப்பறை எங்கே என்று கேட்டார்கள். அவர் முருகையனைக் கூப்பிட்டார்.

"முருகையா, ஒரு வூடு காலி பண்ணணும்."

"எது மொதலாளி?"

"பின்கட்டு. வர்றவங்களுக்கு ரெண்டு பாத்ரூம் கட்டப்போறேன்."

"பின்கட்டுல யாரு இருக்குறது?"

"நீதான்டா."

அவருக்கு ஒருநாளும் மாட்டேன் என்று சொல்லிப் பழகாத தலை, கேள்வி உள்ளே போய்ச் சேருமுன்பே ஆடிவிட்டது. "எங்க போறது மொதலாளி?" என்று அதற்கப்புறம்தான் வாய் கேட்டது.

"பனமலைல நம்ம நெலத்துல மோட்டார் கொட்டாய் சும்மாத்தான கெடக்குது? கதவையும் கழட்டிடு. அப்பதான் உம் பொஞ்சாதி கெளம்புவா."

அன்று சாயங்காலம் முருகையன் தன் வீட்டுக் கதவை வெளியிலிருந்து தட்டினான்.

"யாரு?" என்றாள் ஜெயக்கொடி.

"காலி பண்ணு."

"யோவ், இன்னா, ஊத்திக்கினு வந்துட்டியா?"

"மொதலாளி சொல்லிட்டாரு, பனமலை மோட்டார் கொட்டாய்க்குப் போவணும். வெளிய வா. கதவு கழட்டணும்."

கதவைத் திறந்தவள் கையில் கோணி ஊசி இருந்தது. "இது எம் பொண்ணு பொறந்த வூடு. மோட்டார் கொட்டாய்க்கு நீ போ. போயி மோட்டாரோட குடும்பம் நடத்து."

அவன் குனிந்து நிலைப்படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினான். அந்தக் குனிவில்தான் ஊசி அவன் வலது தோளில் விரல் ஆழத்துக்கு இறங்கியது. அவன் புறங்கையால் வீசினான். அவள் போய் கிரைண்டரில் மோதினாள், நெற்றி பிளந்தது. குழம்புச் சட்டி உருண்டது, தண்ணீர்க் குடம் நசுங்கியது, மகளின் கல்யாணப் படம் ஆணியோடு பெயர்ந்து விழுந்தது. எந்த வீட்டிலும் இதெல்லாம் அவன் கவனித்ததில்லை. இங்கே ஒவ்வொன்றின் விலையும் அவனுக்குத் தெரிந்திருந்தது.

"இப்டி எத்தினி பொம்பளைங்க வுழுந்திருப்பாளுங்க, எண்ணிப் பாத்தியா?" என்றாள் அவள், ரத்தத்தை முந்தானையால் அழுத்திக்கொண்டு.

அவன் கடப்பாரையைக் கதவுக்கு அடியில் கொடுத்தான். நெம்பினான். கதவு வந்தது. வழக்கம்போலத் தலையில் வைத்துக்கொண்டு, கடைத்தெரு வழியாக முதலாளியின் கிடங்குக்குப் புறப்பட்டான். டீக்கடையில் யாரோ குரல் கொடுத்தார்கள்.

"இன்னா முருகையா, யாரு வூடு இன்னிக்கு?"

"நம்ம வூடுதான்."

டீக்கடை சிரித்தது. நகைச்சுவை என்று நினைத்திருப்பார்கள்.

அவன் திரும்பி வந்தபோது ஜெயக்கொடி போகவில்லை. நெற்றியில் மஞ்சள் அப்பிக்கொண்டு, சாமி படத்துக்கு முன்னால் விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தாள். முருகையன் சுவரோரம் உட்கார்ந்தான். அந்தி வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு ஓர் ஆள் நேராக உள்ளே வந்து நின்றான். விமல்ராஜ். இடது கையில் தண்ணீர்க் குழாய்த் துண்டு ஒன்று.

"கதவு இருந்தா தட்டியிருப்பேன்ணே," என்றான்.

முதல் அடி முழங்காலில். இரண்டாவது வாயில். எழுந்திருக்கப் பார்த்தபோது ஊசி இறங்கிய தோள் ஒத்துழைக்கவில்லை. மூன்றாவது அடி விலாவில் விழுந்து, காற்றும் சத்தமும் சேர்ந்து வெளியேறின. இடது கையால் அடிக்கப் பழகாதவன் என்று தோன்றவேயில்லை. ஜெயக்கொடி விளக்குத் திரியைத் தூண்டிவிட்டு, கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போதும் தம்பி," என்றாள் கடைசியில். முன்கட்டுப் பக்கம் மோவாயைக் காட்டினாள். "மீதிய அந்தாண்ட குடுக்கணும். மொத்தத்தையும் இங்கயே தீத்துடாத."

விமல்ராஜ் குழாயை அங்கேயே போட்டுவிட்டுப் போனான். முருகையன் ஒரு பல்லை உள்ளங்கையில் துப்பிப் பார்த்தான். ஒரு நாய் உள்ளே வந்து, கொட்டிய குழம்பை நக்கியது. சந்தில் போன இரண்டு பேர் நின்று, சினிமா பார்ப்பதுபோல வீட்டுக்குள் பார்த்தார்கள், அவசரமில்லாமல் நகர்ந்தார்கள். அத்தனை வருஷம் அவன் கதவைக் கழற்றிவிட்ட ஓட்டையை வெளியிலிருந்துதான் பார்த்திருக்கிறான். உள்ளேயிருந்து பார்த்தால் அது கோட்டை வாசல் அளவுக்குப் பெரிதாக இருந்தது. ஜெயக்கொடி கோணி ஊசியோடு அந்த வாசலில் உட்கார்ந்தே இரவைக் கழித்தாள்.

விடிந்ததும் இராமச்சந்திரன் கொத்தனாரோடு உள்ளே வந்தார். சொல்லாமல்தான். "இன்னும் கெளம்பலியா நீங்க?" என்று கேட்டபடியே, அடுப்பில் ஏற்றுவதற்காக அவள் எடுத்துவைத்திருந்த அரிசிப் பானையைக் காலால் தள்ளினார். அரிசி தரையெங்கும் ஓடியது. ஜெயக்கொடி அரிசியைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள்.

முருகையன் சுவரைப் பிடித்து எழுந்தான். கடப்பாரையை எடுத்துக்கொண்டு நொண்டியபடி முன்பக்கம் போனான். இராமச்சந்திரனின் தலைவாசல் கதவு தேக்கு, பூ வேலைப்பாடு, அவர் அப்பா காலத்துச் சாமான். முருகையன் குனிந்து நிலைப்படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"டேய்! டேய், வேணாண்டா!"

ஓடிவந்த இராமச்சந்திரன் கதவைப் பிடித்துக்கொண்டார். கீல் பக்கமாக. இடது கையின் நாலு விரல், அதில் இரண்டு மோதிரம். மேல் கீல் பிய்ந்து, கதவு கடப்பாரையின் மேல் நின்றது. முருகையன் கடப்பாரையை ஒரு நூல் அளவு இறக்கினான். விரல்களைக் கதவும் நிலையும் சேர்ந்து பிடித்துக்கொண்டன.

"கைய எடுங்க நைனா!" என்று கத்தினான் அருண்பிரசாத்.

"எடுத்தா விரலு உள்ள தங்கிடும்டா, முட்டாப்பயலே!"

"எழுதிக் குடு மொதலாளி," என்றான் முருகையன். பல் போன இடத்தில் காற்று வந்தது.

"இன்னாத்தடா எழுதறது?"

"வூடு உங்களுது, குடியிருக்கறது நாங்கன்னு. வாடகை எவ்ளோன்னு. சட்டத்துல கீதாமே."

"இருடா, போலீசுக்குப் போன் பண்றேன்," என்றான் அருண்பிரசாத். "அடுத்தவன் வூட்டுக் கதவைக் கழட்றதுக்கு உள்ள தள்ளுவாங்க!"

"கதவைப் பத்தி ஒண்ணும் இல்லன்னு நீதான தம்பி படிச்ச?"

"அது வாடகைக்காரங்க கதவுக்குய்யா!"

அதற்குள் வாசலில் கூடிவிட்ட கூட்டத்தில் விமல்ராஜ் நின்றிருந்தான். மிச்சம் பார்க்க வந்தவன். "கூப்புடுப்பா, நல்லா கூப்புடு," என்றான். "வந்தவங்க ஏழு வூட்டுக்கும் ஒப்பந்தம் எங்கன்னு கேப்பாங்க. அப்பிடியே என் விரலு எங்கன்னும் நானு கேப்பேன்."

அருண்பிரசாத் போனைச் சட்டைப்பையில் போட்டான்.

"எழுதறேன்டா! பதிவும் பண்றேன்டா! தூக்குடா!" என்று அலறினார் இராமச்சந்திரன்.

முருகையன் தூக்கினான். மூன்று விரல் வெளியே வந்தது. நாலாவது வருமுன் கதவு இறங்கிவிட்டது. ஊசி குத்திய தோள் கைவிட்டுவிட்டது என்று ஒரு கட்சி. வேண்டுமென்றே விட்டான் என்று இன்னொரு கட்சி. டீக்கடையில் இன்றைக்கும் இரண்டு கட்சிக்கும் ஆள் பலம் சமமாகத்தான் இருக்கிறது. முருகையனைக் கேட்டால், "தோளு," என்பான். சொல்லிவிட்டு இடது தோளைத் தடவுவான். குத்துப்பட்டது வலது.

சுண்டுவிரலில் கட்டோடு இராமச்சந்திரன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். மிரட்டி வாங்கிய கையெழுத்து செல்லாது என்று சட்டம் படித்தவர்கள் சொல்வார்கள். அவர்கள் யாரும் அங்கே இல்லை; இருந்திருந்தால் அவர்களும் ஏதாவது ஒரு வீட்டுக்காரருக்குப் பயந்து வாடகையில் இருப்பவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். கையெழுத்தை மறுக்கப் போனால் ஏழு வீட்டுக் கதையையும் சொல்லவேண்டிவரும் என்பதால் இராமச்சந்திரன் மறுக்கவில்லை. சாட்சிக் கையெழுத்து விமல்ராஜ், இடது கையால். குடியிருப்பவர் என்ற இடத்தில் முருகையன் பெயர் இல்லை. மண்டிக் கூலியிலிருந்து வாடகை கட்டப்போகிறவள் பெயர்தான் போடவேண்டும் என்று ஜெயக்கொடி சொன்னாள். அவள் நெற்றிக் காயத்தைப் பார்த்துக்கொண்டு யாரும் எதிர்த்துப் பேசவில்லை.

செஞ்சியில் நியாயம் இப்படித்தான் வரும்: யாருடைய விரலையாவது இடுக்கிக்கொண்டு.

முருகையன் கிடங்கிலிருந்து தன் கதவைத் தலையில் சுமந்து வந்து, நொண்டிக்கொண்டே மாட்டினான். கழற்றத்தான் அவனுக்கு வரும். மாட்டுவதற்குள் ஒரு பகல் போய்விட்டது. கடைசித் திருகாணியையும் முடுக்கிவிட்டு, சரியாகச் சாத்துகிறதா என்று பார்த்தான். நன்றாகச் சாத்தியது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

"ஏமே, தொற."

"யாரு?"

"நாந்தான்."

"சொல்லாம கொள்ளாம வரக்கூடாதுன்னு எழுதியிருக்குது."

"அய்ய, அது வூட்டுக்காரனுக்குடி."

"எங்கைல இருக்குற ஊசிக்கு அந்த வித்தியாசம் தெரியாது. நாளைக்கு வர்றேன்னு இன்னிக்கே சொல்லிட்டுப் போ."

முருகையனுக்குக் கோபம் வந்தது. பழைய பழக்கத்தில் கடப்பாரையைத் தேடினான். அது உள்ளே இருந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான், தாழ்ப்பாள் பக்கமாக.

"நாளைக்கு வர்றேன்," என்றான்.