பருத்தித்துறையில் கேட்ட கலியாணப் பாட்டு

அன்று அந்த முற்றத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர்: நான், என் கணவர் யோசப், என் தங்கை ஸ்டெல்லா, வீட்டுக்காரர் குணமண்ணை, அவருடைய மனைவி தேவியக்கா. ஆறாவது ஆளின் குரலைக் கேட்கத்தான் நாங்கள் மூன்று பேரும் குருநகரிலிருந்து பருத்தித்துறை வரை இருபத்தொரு மைல் சைக்கிள் உழக்கிப் போனோம். அந்த ஆறாவது ஆள் என் அண்ணை பிரான்சிஸ். 1985இல் மீன்பிடித் தொழிலுக்குப் போன வள்ளத்தோடு போனவர், திரும்பி வரவில்லை.

நாங்கள் புறப்பட்டது 1993 பங்குனியில் ஒரு சனிக்கிழமை, காலை ஐந்தரைக்கு. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள். இதில் வரும் மைல் கணக்கும் விலையும் யோசப் சொல்லித்தான் எழுதுகிறேன். பயம் மட்டும் என் சொந்தக் கணக்கு.

அதற்கு முதல் கிழமை கருவாட்டு வியாபாரி ஒருவர் குணமண்ணையின் துண்டுக் கடிதத்தைக் கொண்டுவந்து தந்திருந்தார். அண்ணை கிற்றார் அடித்துப் பொப் பாட்டுப் பாட, பக்கத்தில் பொங்கோஸ் மேளம் தட்டியவர் குணமண்ணை. 1984இல் எங்கள் கலியாண வீட்டில் இருவரும் பாடியதைப் பிடித்த கசெற், பிறகு பாட்டுப் பழக என்று அவரிடம் போனது. வீடு மாறி வீடு மாறித் திரிந்ததில் தொலைந்துபோயிற்று என்றே எல்லோரும் நினைத்திருந்தோம். இப்போது பழைய கிற்றார்த் தந்திகள் போட்டுவைத்த பிஸ்கற் தகரப் பேணிக்குள் அகப்பட்டதாம். "ஆற்றை கையிலும் குடுத்துவிட மாட்டன். வந்து கேளுங்கோ" என்று எழுதியிருந்தார்.

அடுத்த புதன்கிழமை ஸ்டெல்லா கிளாலிக்கடலைப் படகில் தாண்டிக் கொழும்புக்குப் போய், அங்கிருந்து ஜேர்மனியிலுள்ள மாமியிடம் போகிறாள். அண்ணை போனபோது அவளுக்குப் பத்து வயது. "முகம் ஞாபகம் இருக்கக்கா. குரல்தான் வருகுதில்லை" என்று கடிதம் வந்த அன்று சொன்னாள். எனக்கு வருகிறது என்று அவளுக்குச் சொன்னேன். அது பொய். ரேடியோவில் கேட்ட எத்தனையோ பேரின் குரல்களோடு அண்ணையின் குரல் எப்போதோ கலந்துபோயிருந்தது. அதை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை.

காலை ஆறேகாலுக்கு இருபாலைச் சந்தி. யோசப்பின் கரியரில் நான். ஸ்டெல்லா தனிச் சைக்கிளில் முன்னே. நீர்வேலி வாழைத் தோட்டங்களில் இறைப்பு நடந்தது. மண்ணெண்ணெயில் ஓடும் மெஷின்கள், புகை மூக்கில் ஏறியது. புத்தூரில் ஏழரைக்குத் தேத்தண்ணி குடித்தோம், ஒன்று மூன்று ரூபா. பனங்கட்டித் துண்டுக்குத் தனிக் காசு.

"கசெற்றை எலி கடிச்சிருந்தால்?" என்று கேட்டேன்.

"பேணிக்குள்ளை எலி போகாதப்பா."

"கறள் பிடிச்சிருந்தால்?"

"நேற்று முழுக்க உதைத்தான் கேட்டனீ. இண்டைக்கு வேறை ஏதாவது புதுசாய்க் கேள்" என்றார் யோசப். ஸ்டெல்லா சிரித்துப் புரைக்கேறினாள்.

ஆவரங்கால் தாண்டும்போது ஹெலிகொப்டர்ச் சத்தம் கேட்டு, சுடுமோ என்ற பயத்தில் ஒரு புளியமரத்தின் கீழ் கால் மணித்தியாலம் நின்றோம். அது எங்கள் பக்கம் வரவில்லை. பிறகு வல்லைவெளி. மரமில்லை, வீடில்லை, எதிர்க்காற்று. சரியாக அதன் நடுவில்தான் எங்கள் பின்சில்லுக்குக் காற்றுப் போயிற்று. நெல்லியடி வரை உருட்டிக்கொண்டு நடந்தோம். ஒட்டுப்போடப் பதினைந்து ரூபா. இது ஒரு சகுனம், திரும்பிவிடுவோம் என்றேன். "ஓட்டை விழுந்தது ரியூப்பிலை, கசெற்றிலை இல்லை" என்றார் யோசப்.

பருத்தித்துறை போய்ச் சேரப் பத்தே முக்கால். குணமண்ணை படலையடியில் நின்றார். தலை முழுக்க நரைத்திருந்தது. "வா தங்கச்சி" என்றவர் யோசப்பைப் பார்த்து, "மாப்பிள்ளை இன்னும் நீந்தப் பழகேல்லையோ?" என்றார். எங்கள் கலியாணத்தில் அண்ணை கட்டிப் பாடிய பகிடிப் பாட்டே அதைப் பற்றியதுதான். யோசப் மானிப்பாய்த் தச்சர். கடலென்றால் கணுக்காலுக்கு மேல் இறங்கமாட்டார்.

முற்றத்தில் ஒரு சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்திருந்தார் குணமண்ணை. கரண்டும் பற்றறியும் இல்லாத சண்டைக் காலம் அல்லவா? பெடலைக் கையால் சுற்றினால் சில்லோடு டைனமோவும் சுற்றும். அதிலிருந்து இரண்டு வயர் கசெற் றெக்கோடருக்கு. கசெற்றை மெதுவாகப் போடச் சொன்னேன். சிக்கி அறுந்துபோனால் இன்னொன்று இல்லை.

யோசப் சுற்றினார். குகைக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு தடித்த குரல் இழுத்து இழுத்து வந்தது.

"உதென்ன, சுவாமியின்ரை பிரசங்கமோ?" என்றார் தேவியக்கா.

யோசப் வேகமாகச் சுற்றினார். இப்போது பள்ளிக்கூடப் பிள்ளை கீச்சிடுவதுபோல. எல்லோரும் சிரித்தோம். ஸ்டெல்லா மட்டும் சிரிக்கவில்லை.

"அக்கா, இதிலை எது அண்ணையின்ரை குரல்?"

"கொஞ்சம் குறையுங்கோ... ஆ, இதுதான்" என்றார் குணமண்ணை.

"இல்லையண்ணை. பிரான்சிஸின்ரை குரல் இன்னும் கனம்" என்றார் யோசப்.

"அவனோடை பக்கத்திலை இருந்து தட்டினது நானோ நீரோ?"

ஸ்டெல்லா இருவரையும் விட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு அண்ணை வந்தார். எவரும் என் அண்ணையாக இருக்கவில்லை. பொய் சொன்னேன் என்று அவளுக்குச் சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தேன்.

அப்போதுதான் பாட்டுக்குப் பின்னால், தூரத்தில், ஒரு மணி. மூன்று தரம் அடித்து, நின்று, மறுபடி மூன்று.

"நிப்பாட்டுங்கோ!" என்று கத்திவிட்டேன்.

பன்னிரண்டு மணித் திருந்தாதி. செபம் சொல்லுவதற்காக எங்கள் கோயிலில் நாள்தோறும் அடிக்கிற மணி. கலியாணப் பூசை முடிந்து வீட்டுக்கு வந்து அவர்கள் பாடிக்கொண்டிருந்தபோது அது அடித்திருக்கிறது. குணமண்ணைக்கு அது வெறும் மணி. யோசப் மானிப்பாயில் வளர்ந்தவர். நான் அந்த மணிக்குக் கீழே பிறந்தவள். எத்தனை குரல் கலந்தாலும் அந்த மணி எனக்குக் கலக்காது.

குணமண்ணை கசெற்றை எடுத்துப் பென்சிலை விட்டுப் பின்னுக்குச் சுற்றினார். மறுபடி மணி வந்தது. இம்முறை வேகம் சொன்னது நான்.

"இன்னும் கொஞ்சம் கெதியாய்... கூடிப்போச்சு, குறையுங்கோ... இன்னும் ஒரு சொட்டு... ஓம்! உதுதான். உப்பிடியே சுத்துங்கோ. மாத்தாதையுங்கோ!"

மணி எங்கள் மணியாக வந்தது. அதற்கு முன்னால், அதே அளவில், என் அண்ணை பாடினார். மூக்கால் கொஞ்சம் வரும் குரல். வரி முடிவில் சிரிப்பை அடக்கமாட்டாமல் உடைகிற குரல். அதையா மறந்தேன்! மானிப்பாய் மாப்பிள்ளைக்கு மணலைக் கண்டாலும் தலை சுற்றும் என்று அவர் பாட, கலியாண வீட்டுச் சனம் கைதட்டியது. இந்த முற்றத்தில் குணமண்ணை தன் தொடையில் பொங்கோஸ் தட்டினார். ஸ்டெல்லா றெக்கோடருக்குப் பக்கத்தில் குந்தி, காதைச் சரித்து, "சிரிக்கிறார் அக்கா, சிரிக்கிறார்" என்றாள்.

யோசப்பின் கன்னத்தால் கண்ணீர் ஓடியது. துடைக்கக் கையை எடுத்தால் அண்ணையின் குரல் இறங்கிவிடும். பாட்டு முடியும்வரை அவர் கையை எடுக்கவில்லை.

மீன் குழம்போடு சோறு தந்தார்கள். இரண்டு மணிக்குப் புறப்பட்டோம். இருட்டமுன் வீடு சேரவேண்டும் என்று நான்தான் அவசரப்படுத்தினேன். குணமண்ணை கசெற்றை ஸ்டெல்லாவின் கையில் வைத்தார். கிளாலியில் தண்ணீர் பட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். தேவியக்கா ஒரு பிளாஸ்ரிக் சொப்பிங் பையால் மூன்று சுற்றுச் சுற்றி றப்பர் வளையம் போட்டுத் தந்தார். ஜேர்மனியில் டைனமோ தேவையில்லை. வேகமும் தானாகவே சரியாயிருக்கும். ஆனாலும் மணியைக் கேட்டுச் சரிபார் என்று அவளுக்குச் சொன்னேன்.

குருநகர் ஒழுங்கைக்குள் திரும்பும்போது ஆறு மணித் திருந்தாதி அடித்தது. ஸ்டெல்லா சைக்கிளிலிருந்து இறங்கி நின்றாள். மணி முடியும்வரை நாங்களும் நின்றோம். பருத்தித்துறையில் காற்று நல்லது, கிணற்றுத் தண்ணீர் நல்லது, சனம் நல்ல சனம். ஆனால் இந்த மணி அங்கே கேட்காது. ஜேர்மனியிலும் கேட்காது, அந்தக் கசெற்றில் தவிர.

ஒன்றை எழுத மறந்துவிட்டேன். புறப்படும்போது குணமண்ணை சொன்னார்: "அந்த வெறும் கசெற் முப்பத்தைஞ்சு ரூபா. பாதி போடுறன் எண்டவன் உங்கடை அண்ணை, இன்னும் தரேல்லை." நான் பேர்சைத் திறந்தேன். "உன்னட்டை ஆர் கேட்டது தங்கச்சி? அது அவன் வந்து தரவேண்டிய காசு" என்று என் கையைத் தட்டிவிட்டார். பதினேழு ரூபா ஐம்பது சதம். இன்னும் கொடுபடவில்லை.