செல்வி ஆன்லைனில் இருந்தார்

1. குழு தொடங்கிய கதை

அரசுப் பயிற்சி நிலையத்திலிருந்து ஓய்வு பெற்ற மறு மாதமே கொல்கத்தாவின் சால்ட் லேக் செக்டர் ஃபைவில் ஓர் ஆன்லைன் கல்வி நிறுவனத்தில் சேர்ந்தேன். கணக்குப் பதிவு, ஜிஎஸ்டி பற்றிய சான்றிதழ் படிப்பு. அதில் தமிழ் பேட்ச்சில் படிப்பவர்களுக்கு உதவும் லேர்னர் சப்போர்ட் என் பொறுப்பு.

மேனேஜர் கார்த்திக் கொல்கத்தாவிலேயே பிறந்தவர். முதல் நாளே கூப்பிட்டார்.

"மேடம், டவுட் டிக்கெட் ரொம்ப வருது. ஒரு வாட்ஸ்அப் குரூப் போட்டுடுங்க. அவங்களே ஒருத்தருக்கு ஒருத்தர் சொல்லிக்கட்டும். கொலாபரேஷன்! நமக்கும் ஆள் செலவு மிச்சம்."

செலவு அவர் கவலை. எனக்கு அந்த யோசனை வேறு காரணத்துக்காகப் பிடித்திருந்தது. தனியாகப் போனைப் பார்த்துப் படிப்பவர்கள் பாதியில் நின்றுவிடுவதற்குப் பாடத்தின் கடினம் மட்டும் காரணமில்லை; மாட்டிக்கொண்ட இடத்தைச் சொல்ல ஆள் இல்லாததும்தான். குழுவுக்கு ஒரே விதி வைத்தேன்: விடையைப் போட்டோ எடுத்துப் போடக்கூடாது, எப்படிச் செய்தோம் என்று வாய்ஸ் நோட்டில் சொல்ல வேண்டும். போட்டோவைக் காப்பியடிக்கலாம். விளக்கத்தைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

2. செல்வியின் குரல்

செல்வி பாலிகஞ்சில் ஒரு பள்ளி அலுவலகத்தில் ஒப்பந்த வேலையில் இருந்தார். கணவர் மத்திய அரசு ஊழியர், திருநெல்வேலியிலிருந்து மாற்றலாகி வந்த குடும்பம். பள்ளியின் கணக்கர் இடம் காலியாகி இருந்தது. துர்கா பூஜை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும்போது சான்றிதழோடு வந்தால் அந்த இடம் செல்விக்கு. இல்லாவிட்டால் வெளியாளை எடுத்துக்கொள்வோம் என்று சொல்லியிருந்தார்கள்.

குழுவில் எல்லோரையும் தூக்கி நிறுத்தியது செல்விதான். லேக் மார்க்கெட்டில் மளிகைக் கடை வைத்திருக்கும் பாண்டியனுக்கு இன்புட் கிரெடிட் என்றாலே தலை சுற்றும். செல்வியின் வாய்ஸ் நோட் இன்னும் காதில் இருக்கிறது.

"அண்ணாச்சி, நீங்க சரக்கு எடுக்கும்போதே ஒரு வரி குடுத்துட்டீயள்லா? விக்கும்போது கஸ்டமர்ட்ட வாங்கின வரியில அதைக் கழிச்சிட்டு மிச்சத்தைக் கட்டுங்க. அம்புட்டுத்தான். இதுக்குப் போயி ராத்தூக்கம் கெட்டா கடையை யாரு பாப்பா?"

சந்தேகம் கேட்டு அலுவலகத்துக்கு வரும் டிக்கெட்டுகள் வற்றிப்போயின. கார்த்திக் மீட்டிங்கில் அந்தச் சரிவின் கிராஃபைக் காட்டிக் கைதட்டல் வாங்கினார்.

3. மருத்துவமனை நாற்காலி

விஸ்வகர்மா பூஜைக்கு மறுநாள் செல்வியின் மகளுக்கு டெங்கு என்று மருத்துவமனையில் சேர்த்தார்கள். இறுதி ப்ராஜெக்ட்டை மகாளய அமாவாசை மாலைக்குள் ஏற்ற வேண்டும். ஒரு கடையின் வருடக் கணக்கு முழுவதையும் எக்ஸெலில் போடும் வேலை. லேப்டாப் இல்லாமல் முடியாது. பிளேட்லெட் எண்ணிக்கையைப் பார்த்தபடி வராந்தா நாற்காலியில் கிடந்தவர் கையில் போன் மட்டும்தான். எல்லோருக்கும் அதே கெடு என்பதால் குழுவில் கேள்விகள் குவிந்தன. எல்லோரும் செல்வியை டேக் செய்தார்கள். அங்கிருந்தபடியே பதில் சொன்னார். பின்னணியில் நர்ஸ் வங்காளத்தில் பெயர் கூப்பிடுவதுகூட அந்த நோட்டுகளில் கேட்கும்.

நான் தனியே போன் செய்து கடிந்துகொண்டேன்.

"கேக்காவளே, என்ன மேடம் செய்ய? பாத்துட்டேன்னு ப்ளூ டிக்கு விழுந்துருச்சு. பேசாம இருந்தா திமிருன்னு நினைப்பாவ. சும்மா உக்காந்திருந்தா எனக்கும் பயந்து வருது."

அன்றே கெடு நீட்டிக்க விண்ணப்பம் போட வைத்தேன். மருத்துவச் சான்றுகளை நானே இணைத்தேன். மறுத்துவிட்டார்கள். நேராகக் கார்த்திக்கிடம் போனேன்.

"பாலிசி அப்படி மேடம். மெடிக்கல் எக்ஸ்டென்ஷன் வேணும்னா அந்த நாள்ல லேர்னர் இன்ஆக்டிவ்வா இருந்திருக்கணும். இவங்க பேட்ச்லயே டாப் ஆக்டிவ். நாள் பூரா குரூப்ல இருந்திருக்காங்க. ப்ராஜெக்ட்டுக்கு மட்டும் டைம் இல்லையாமா?"

"போன்ல பேசறதும் லேப்டாப்ல பேலன்ஸ் ஷீட் போடறதும் ஒண்ணா கார்த்திக்?"

"எனக்குப் புரியுது. சிஸ்டத்துக்குப் புரியாதே. அடுத்த பேட்ச்ல பாதி ஃபீஸ்ல சேத்துடறேன், போதுமா?"

அடுத்த பேட்ச் முடியும்போது கணக்கர் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருப்பார்.

4. கும்பிட்ட கைகள்

செல்வியின் ப்ராஜெக்ட் ஏறாமலே கெடு கடந்தது. குழுவில் எழுதினேன்: செல்வியிடம் கற்றவர்கள் ஆளுக்கு இரண்டு வரி நிறுவனத்தின் ஃபேஸ்புக் பக்கத்தில் எழுதுங்கள். பொது இடத்தில் வந்தால் மேலிடம் இறங்கிவரும். கும்பிடும் கைகள், இதயங்கள், அழும் முகங்கள் வரிசையாக வந்தன. அந்தப் பக்கத்தில் ஒரு வரிகூட வரவில்லை. துர்கா பூஜைச் சதுர்த்தியன்று லேக் மார்க்கெட் போய்ப் பாண்டியனையே கேட்டேன். அப்பளக் கட்டை எடுத்துவைத்துக்கொண்டே பேசினார்.

"செல்வி இல்லாட்டி நான் ரெண்டாம் பாடத்துலயே ஓடிப்போயிருப்பேன் மேடம். சத்தியமாச் சொல்றேன். ஆனா எனக்கு இன்னும் சர்ட்டிபிகேட் கைக்கு வரலயே. இப்பப் போயி அவங்களப் பத்தி எழுதுனா, என்னோடதையும் நிப்பாட்டி வெச்சா யாரக் கேக்கறது? வரட்டும், எழுதறேன்."

துர்கா பூஜைக்குப் பின் வரும் லட்சுமி பூஜை கழிந்ததும் செல்வி தவிர எல்லோருக்கும் சான்றிதழ் வந்தது. எல்லோரும் அதைப் போட்டோ எடுத்துக் குழுவில் போட்டார்கள். ஃபேஸ்புக் பக்கத்தில் அப்போதும் யாரும் எழுதவில்லை. செல்வி ஒவ்வொருவருக்கும் வாழ்த்துச் சொல்லிவிட்டுக் குழுவை விட்டு வெளியேறினார். பள்ளியில் புதுக் கணக்கர் சேர்ந்துவிட்டார். அவருக்குப் பழைய கோப்புகளை எடுத்துக் கொடுக்கும் வேலை செல்விக்கு.

5. பெயரில்லாத பாடம்

தீபாவளியை ஒட்டி வரும் காளி பூஜைக்கு முந்தைய வாரம் கார்த்திக் என் மேசைக்கு வந்தார்.

"மேடம், அந்த செல்வி வாய்ஸ் நோட்டெல்லாம் சூப்பர். எடிட் பண்ணி நெக்ஸ்ட் பேட்ச் கோர்ஸ்லயே போட்டுடலாம். ஒரு பர்மிஷன் மட்டும் வாங்கிக் குடுங்க."

செல்வியிடம் கேட்டேன். சிரித்தார்.

"ஃபெயிலானவ சொல்லிக்குடுத்ததக் காசுக்கு வித்தா நாளைக்கு அவங்களுக்குத்தானே மேடம் அசிங்கம்? தரமாட்டேன்னு சொல்லிருங்க."

அப்படியே சொன்னேன். ஒப்புதலை வாங்கித் தராதது அந்த ஆண்டு என் மதிப்பீட்டில் 'ஒத்துழைப்புக் குறைவு' என்று ஏறியது.

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்குச் சொல்வேன்: குழு கலகலப்பாக இருந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். அதிகம் பதில் சொல்பவர் யார் என்று பாருங்கள். அவருடைய சொந்தப் பாடம் எங்கே நிற்கிறது என்று அவரிடமே கேளுங்கள். குழுவில் வேறு யாரும் கேட்க மாட்டார்கள்.