ஆற்றுப் பாலம் வரைக்கும்

கல்யாணமான ஏழாம் மாதம் என் மனைவி பெண் காவலர் வேலைக்கு விண்ணப்பித்தாள். அப்போது, இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில், திருத்தணி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன். அவளுடைய சான்றிதழ்களை நானே நகலெடுத்து, உறையிலிட்டு, தபாலில் சேர்த்தேன். அதோடு என் பங்கு முடிந்தது என்றிருந்தேன். தேர்வில் ஓட்டமும் உண்டு என்பதைக் கார்த்திகைக் கடைசியில்தான் சொன்னாள்.

"காலையில அஞ்சரைக்கு ஓடணும் பாவா. நீயும் வா."

"நான் எதுக்கு?"

"இருட்டா இருக்கும். பைபாஸ்ல நாய்ங்க இருக்குது."

"நல்லதுதானே. வேகமா ஓடுவ."

அவள் சிரிக்கவில்லை. பொதட்டூர்பேட்டையில் இருக்கும் என் தாய்மாமன் மகள்; அத்தை மகனை எங்கள் பக்கத்தில் 'பாவா' என்பார்கள். சின்ன வயதிலிருந்தே தெரியும். அவள் சிரிக்காவிட்டால் பேச்சு முடிந்தது என்று பொருள்.

எங்கள் ஊர்க் குளிரைச் சொன்னால் ஊட்டிக்காரர்கள் சிரிப்பார்கள். ஆனாலும் மார்கழியில் மலையிலிருந்து இறங்கும் பனியில் எதிரே வரும் பால்காரரின் மணிச்சத்தம்தான் முதலில் தெரியும், ஆள் பிறகுதான். முதல் வாரம் நான் மங்கி குல்லாயும் மப்ளருமாகச் சைக்கிளில் அவள் பின்னால் போனேன். கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். "ஏம்மா, அந்த ஆளு உன்னத் தொரத்தினு வரானா?" என்று ஒருத்தி நிஜமாகவே கேட்டாள்.

"ஆங், தாலி கட்டிட்டுத் தொரத்துறாரு" என்று சொல்லிவிட்டு இவள் ஓடினாள்.

என் கை விறைத்துப்போய் பிரேக் பிடிக்க வரவில்லை. "சைக்கிள்லதான் குளிரும் பாவா. எறங்கி ஓடிப்பாரு, குல்லாவ நீயே கழட்டிடுவ" என்றாள். மறுநாள் இறங்கி ஓடினேன். அவள் சொன்னது சரி. அதை அவளிடம் ஒப்புக்கொள்ளவில்லை.

ஓடுவதைவிட எழுந்திருப்பதுதான் பெரும்பாடு. அலாரம் கடிகாரத்தைத் தலைமாட்டில் வைத்தால் அமுக்கிவிடுகிறேன் என்று சமையலறை அலமாரியில் கொண்டுபோய் வைத்தாள். போர்வையோடு நடந்துபோய் அதை அணைத்துவிட்டு, அடுப்பு மேடைக்குக் கீழேயே சுருண்டு தூங்கினேன். அன்றைக்கு என்னைக் காணாமல் தெருவெல்லாம் தேடியிருக்கிறாள்.

இன்னொரு நாள் பனி மிக அதிகம். ஆற்றுப் பாலம் வரை போய்த் திரும்புவது எங்கள் கணக்கு. பாதி வழியில் ஷூ நாடாவைக் கட்டுவதுபோல் குனிந்து, அவள் பனியில் மறைந்ததும் டீக்கடைக்குள் நுழைந்தேன். கடைக்காரர் கிளாஸை நீட்டிக்கொண்டே, "இன்னா நைனா, வூட்டம்மா ஓடினுகீது, நீ இங்க குந்தினுகீறியே?" என்றார். அவள் திரும்பி வரும் சத்தம் கேட்டதும் வாளித் தண்ணீரை அள்ளி முகத்திலும் கழுத்திலும் தெளித்துக்கொண்டு, மூச்சுவாங்கிக்கொண்டே அவளோடு சேர்ந்துகொண்டேன். வீட்டு வாசலில் என் கழுத்தில் விரலை வைத்துப் பார்த்தாள்.

"வேர்வை இவ்ளோ ஜில்லுனா இருக்கும்?"

"எனக்கு அப்படித்தான்."

"ஏலக்கா வாசனையும் வருமா?"

தை பிறப்பதற்குச் சில நாட்கள் முன்பு, பள்ளி மைதானத்தில் என் கைக்கடிகாரத்தை வைத்து நானூறு மீட்டர் ஓடிப் பார்த்தாள். குறித்த நேரத்துக்குள் முடிக்க முடியவில்லை. மறுபடி ஓடினாள், இன்னும் அதிகமாயிற்று.  வீட்டுக்கு வந்ததும், "எனக்கு வராது பாவா. உட்ரு" என்றாள்.

மறுநாள் காலை அலாரம் அடித்து ஓய்ந்தது. அவள் எழவில்லை. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பத்து நிமிடம் சந்தோஷமாகத்தான் இருந்தேன். பிறகு தூக்கம் வரவில்லை. போர்வைக்குள் அவளும் விழித்துக்கொண்டுதான் இருக்கிறாள் என்று மூச்சில் தெரிந்தது. எழுப்பினால் அழுவாள். எனக்கு ஆறுதல் சொல்ல வராது. ஷூவை மாட்டிக்கொண்டு, கதவை வேண்டுமென்றே சத்தமாகச் சாத்திவிட்டுக் கிளம்பினேன்.

துணைக்கு ஆள் இல்லாமல் ஓடும்போது குளிர் இரண்டு மடங்கு. காது வலித்தது. டீக்கடையைப் பார்க்காமல் கடந்தேன். பாலத்தின் கைப்பிடிச் சுவரைத் தொட்டுவிட்டுத்தான் திரும்பினேன். யாரும் பார்க்கவில்லை, ஆனாலும் தொட்டேன்.

நான் உள்ளே நுழைந்தபோது போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எங்க போன?"

"பாலம் வரைக்கும்."

எழுந்து வந்து கழுத்தைத் தொட்டாள். கையை உடனே எடுக்கவில்லை.

"நிக்காமயா?"

"ரெண்டு தடவ நின்னேன்."

"அப்ப நாலு தடவ நின்னுருப்ப" என்று சொல்லிவிட்டுத் தன் ஷூவைத் தேடினாள். அன்று அந்தத் தூரத்தை நான் இரண்டாவது முறையாக ஓட வேண்டியதாயிற்று.

உடற்தகுதித் தேர்வு பங்குனிக் கடைசியில் நடந்தது. பனியில் பழகியவளை வெயிலில் நிறுத்தினார்கள். மைதானத்துக்கு வெளியே அண்ணன்மார், அப்பாமார், என்னைப்போல் இரண்டொரு கணவன்மார் வேப்பமர நிழலில் நின்றோம். ஒரு மணிக்கு உதடு காய்ந்து வெளியே வந்தாள். முகத்தைப் பார்த்து எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை. தண்ணீர் பாட்டிலை முழுவதும் குடித்துவிட்டு, "ரெண்டு செகண்டுல தப்பிச்சேன்" என்றாள். பிறகுதான் சிரித்தாள். எனக்குத்தான் கண் கலங்கியது. அதையும் அவள் விடவில்லை. "இது வேர்வைன்னு சொல்லப்போறியா?" என்றாள்.

வேலை கிடைத்துப் பயிற்சிக்குப் போன இடத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கடைக்குப் போன் செய்வாள். மார்கழி வந்ததும், "ஓடுறியா பாவா?" என்று கேட்டாள்.

"ஆங், தெனமும்" என்றேன்.

 "மொத்தமே மூணு நாளா, நாலு நாளா?" என்றாள்.

"மூணு" என்றேன். மறுநாள் ஓடப் போனேன், நாலாயிற்று.